முகமில்லாத அட்டைப்படம்

சஞ்சிகையின் அட்டையில் தன் படம் வந்ததற்காக ஒருத்தி அழுதாள் என்றால், கேட்பவர்கள் ஆனந்தக் கண்ணீர் என்றுதான் நினைப்பார்கள். ஜீவராணி அழுதது பயத்தில். மஸ்கெலியாவில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஆட்டோக்காரன் முணுமுணுத்துக்கொண்டே ஏறுகிற ஒரு தேயிலைத் தோட்டத்தில், மேல் டிவிசன் லயத்துக்காரி அவள்; லயம் என்றால் தொழிலாளருக்குக் கட்டின வரிசை வீடு. தோட்டத்தின் பேர் வேண்டாம், வம்பு.

பிறந்தது அதே லயத்தில். ஓ.எல். பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்தவளை, அம்மா பென்சன் எடுத்ததும் தோட்டத்தில் பேர் பதிந்து கொழுந்து பறிக்க மலைக்கு அனுப்பினார்கள். வட்டகொடையிலிருந்து வந்த ஒருவனைக் கட்டிக்கொண்டாள். அவன் இப்போது கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் நிற்கிறான், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வருகிறான். ஒரே மகள் லோஜினி, ஏ.எல். படிக்கிறாள். ஜீவராணி தைரியசாலி என்று யாரும் சொன்னதில்லை. பஸ்ஸில் மிச்சக் காசு கேட்கவே கூச்சப்படுகிறவள். காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்தில் கடைசி வரிசையில் நிற்பாள், கூட்டம் என்றால் சுவரோரமாக ஒட்டிக்கொள்வாள். இப்படிப்பட்டவளைப் பிடித்துத்தான் காலம் ஹட்டன் தெருவில் ஆளுயரத்துக்குத் தூக்கிப் பிடித்தது.

விஷயம் என்னவென்றால், கக்கூஸ். முகம் சுளிப்பவர்கள் சுளிக்கட்டும். காலையில் மலைக்கு ஏறுகிற பெண் மாலையில்தான் இறங்குகிறாள். அதுவரைக்கும் மலையில் அவளுக்கு ஒதுங்க ஓர் இடம் கிடையாது. ஆம்பளைகளுக்கு எந்த மரமும் போதும். பெண்கள் என்ன செய்தார்கள்? தண்ணீர் குடிப்பதை விட்டுவிட்டார்கள். நீர்க்கடுப்பு, இடுப்புவலி, மாதத்தில் மூன்று நாள் நரகம், எல்லாவற்றையும் பழகிக்கொண்டார்கள். அதே தோட்டத்தில் ஃபெக்டரிக்குப் பக்கத்தில் வெள்ளைக்காரர்கள் தேத்தண்ணி குடித்துப் பார்க்கிற இடம் ஒன்று இருக்கிறது. அங்கே உள்ள கக்கூஸில் பூச்சாடி வைத்திருக்கிறார்கள். ஒரு நாளைக்கு இரண்டு வேன் வந்தால் பெரிது. பூவுக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் போட்ட தோட்டத்துக்கு, மலையில் நாலு தகரம் அடிக்க மனம் வரவில்லை. எனக்கு இதை எழுதும்போதே எரிகிறது.

அந்த வருடம் ஜனவரியில் பக்கத்து மலைக்குக் கவ்வாத்து வெட்டினார்கள். கவ்வாத்து வெட்டினால் செடி முழங்காலுக்குக் கீழே வெறும் குச்சியாக நிற்கும். அதுவரை இருந்த கொஞ்சநஞ்ச மறைவும் போய்விட்டது. மறுபக்கம் ரோட்டு. ஜெயந்தினி என்று ஒரு பெண், கைக்குழந்தைக்காரி, மறைவு தேடிக் கீழே மழைத்தண்ணீர் ஓடுகிற கானுக்குள் இறங்கினாள். அங்கே மரத்தில் குளவிக்கூடு இருந்தது. முகம் வீங்கி, மூச்சு இரைத்து, லொறியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். பிழைத்துக்கொண்டாள். ஆனால் மறுநாள் காலையில் ஒரு பெண்ணும் மலைக்கு ஏறவில்லை. கொழுந்து நிறுக்கிற இடத்தில், ரோட்டோரமாக, வெறும் சாக்குகளை விரித்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

ஃபீல்ட் ஒபிசர் வந்தார். வாயைக் கட்டத் தெரியாத மனிதர்.

“ஒங்க அம்மாமாரெல்லாம் எப்படி இருந்தாங்க? தேயில மறைவு பத்தாதா ஒங்களுக்கு?” என்றார்.

யாராவது பதில் சொல்வார்கள் என்று எல்லோரும் யாரையோ பார்த்தார்கள். ஜீவராணியின் கையில் மட்டக்கம்பு இருந்தது. கொழுந்து ஒரே மட்டமாக எடுபடுவதற்காகச் செடியின் மேல் கிடத்திப் பார்க்கிற நீளக் கம்பு அது. எழுந்தாள். அந்தக் கம்பை உயரத் தூக்கி மொட்டை மலையைக் காட்டினாள்.

“எங்கங்கய்யா மறைவு? நீங்களே பாருங்க. ஒரு கோழி ஒதுங்குமா அங்க?”

தலைக்கு மேலே கம்பைக் கண்டதும் ஒபிசர் பின்னால் ஓர் அடி வைத்தார். பின்னால் இருந்தது கான். இடுப்பு வரை உள்ளே போனார். பெண்கள் சிரித்தார்கள். தூக்கிவிட்டார்கள்தான், ஆனால் சிரித்துக்கொண்டே தூக்கினார்கள். அதை அவர் மறக்கவில்லை.

அன்றைக்கு ஹட்டனிலிருந்து ஒரு பெண்கள் குழு வந்திருந்தது. அவர்களோடு ரினோஸாவும் வந்திருந்தாள். மஸ்கெலியா டவுனில் துணிக்கடை வைத்திருக்கிற மஃறூப் முதலாளியின் மகள். கடையில் உட்கார்ந்தால் பில் கட்டின் பின்பக்கமெல்லாம் படம் போட்டு வைக்கிறவள். அந்தக் குழு ‘மேட்டுலயம்’ என்று ஒரு சஞ்சிகை நடத்தியது. மார்ச் மாத மகளிர் தின இதழுக்கு அட்டை வரைகிற பொறுப்பு ரினோஸாவுக்கு.

நல்ல அட்டைதான், இல்லை என்று சொல்ல முடியாது. மலைக்கு முன்னால் ஒரு பெண் பக்கவாட்டில் நிற்கிறாள். இடுப்பில் செடி கீறாமலிருக்கப் படங்குச் சாக்கைச் சுற்றியிருக்கிறாள், ஒரு கை மட்டக்கம்பை வானத்துக்கு உயர்த்தியிருக்கிறது, முதுகில் கொழுந்துச் சாக்கு. முகம் மட்டும் இல்லை. தலைத்துணிக்குக் கீழே வெறும் பழுப்பு நிறம். யாரும் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று ரினோஸா வேண்டுமென்றே விட்ட இடம் அது. பாவம், நல்ல எண்ணம். ஆனால் கொழுந்துச் சாக்கின் மேலே தைத்திருந்த மஞ்சள் மீனை அவள் விடவில்லை. அழகாக இருந்தது என்று பெரிதாகவே போட்டாள். உள்பக்கத்தில் ஆசிரியர் குழு அதற்கு விளக்கம் வேறு எழுதியிருந்தது: நீரோட்டத்தை எதிர்த்து நீந்தும் பெண்ணின் குறியீடாம்.

குறியீடும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை. நிறுக்கிற இடத்தில் சாக்கு மாறிவிடக் கூடாது என்று ஆளுக்கோர் அடையாளம் தைத்துக்கொள்வது அங்கே வழக்கம். பூ அம்மாக்கண்ணுவுடையது, பிறை மீனம்மாவுடையது, கிளி, இலை, நட்சத்திரம் எல்லாவற்றையும் மற்றவர்கள் எடுத்துவிட்டார்கள். மிச்சம் இருந்தது மீன். லோஜினி பழைய சீலையில் வெட்டிக் கொடுத்தாள். அந்த மேல் டிவிசனில் யாருக்கும் முகம் பார்க்கத் தேவையில்லை, சாக்கைப் பார்த்தால் பேர் தெரியும். டவுனில் பிறந்த பிள்ளைக்கு அது தெரிய நியாயமில்லை. முகத்தை மறைத்துப் பேரை எழுதிவிட்டாள்.

மார்ச்சில் ஹட்டனில் ஊர்வலம் நடந்தபோது அந்த அட்டையைப் பெரிதாக அடித்து, நாலு பெண்கள் சேர்ந்து தூக்கிக்கொண்டு நடந்தார்கள். ‘மலைக்கும் கழிப்பறை வேண்டும்’ என்று கீழே எழுதியிருந்தது. ஃபேஸ்புக்கில் யார் யாரோ போட்டார்கள். லோஜினி போனைக் கொண்டுவந்து காட்டினாள். ஜீவராணி அடுப்பங்கரையில் நின்று நெடுநேரம் பார்த்தாள்.

“எனக்கு முதுகு இவ்வளவு நேராவா இருக்கு?” என்று கேட்டாள்.

வெட்கமாக இருந்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, அதை மகளிடம் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து அந்தப் பெருமை காற்றாய்ப் பறந்தது. கொழுந்து நிறுக்கிற சின்னராசாவின் கையில் யாரோ சஞ்சிகையைக் கொடுத்தார்கள். தினமும் சாக்கின் அடையாளத்தைப் பார்த்துப் பேர் கூப்பிடுகிற மனிதன். அட்டையைப் பார்த்த மாத்திரத்தில் வாய் தானாகத் திறந்தது.

“அட! இது நம்ம ஜீவராணி சாக்குல்ல!”

சந்தோசத்தில்தான் கத்தினான். பக்கத்தில் ஃபீல்ட் ஒபிசர் நின்றதைக் கவனிக்கவில்லை. அவர் கையை நீட்டிச் சஞ்சிகையை வாங்கிக்கொண்டார். தராசு அது பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. சின்னராசா தலையில் கை வைத்தான், இனி என்ன.

விசாரணைக்கு நாள் குறித்தார்கள். கடமையில் இருந்த உத்தியோகத்தரை அடிக்கக் கம்பு ஓங்கினாள், அதற்குச் சாட்சி அச்சிட்ட படம் என்பது குற்றச்சாட்டு. நிரூபணமானால் பேர் வெட்டுவார்கள். தோட்டத்தில் பேர் வெட்டுவது என்றால் வேலை போவதோடு முடியாது. குடியிருக்கிற காம்பரா, அந்த லயத்து அறை, தோட்டத்துடையது. பேர் இல்லாதவளுக்கு அங்கே கூரையும் இல்லை. லோஜினிக்கு ஆகஸ்டில் பரீட்சை. சட்டிபானையோடு எங்கே போவது? வட்டகொடையில் மாமியார் வீட்டில் ஏற்கெனவே ஓர் அறையில் ஆறு பேர். அன்றைக்குத்தான் ஜீவராணி அடுப்பங்கரையில் உட்கார்ந்து அழுதாள்.

புருசன் போனில் கத்தினான். “நீ எதுக்குக் கம்பத் தூக்கின? அத்தன பேரு இருந்தாங்கல்ல?”

அவளும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள். பொதுப் பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனால் அங்கே நின்றவர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள். மலையில் பக்கத்து நிரை மீனம்மா குனிந்த தலை நிமிரவில்லை. சாக்கிலிருந்து பிறையைப் பிரித்து எடுத்துவிட்டிருந்தாள். நூல் இருந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. ஜீவராணியால் கோபிக்கவும் முடியவில்லை, தானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம் என்று தோன்றியது.

தோட்டத் தலைவர் பழனியாண்டி வீட்டுக்கு வந்தார். தொழிற்சங்கத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர். அம்மாக்கண்ணுவின் புருசன். கெட்டவர் என்று சொல்ல முடியாது. எல்லாப் பக்கமும் நல்லவராக இருக்கப் பார்க்கிறவர்.

“இங்க பாரு ராணி, தொரகிட்ட பேசிட்டேன். நீ ஒன்னுமே பண்ண வேணாம். அது நான் இல்ல, வெளியாளுங்க வந்து அவங்களா இஷ்டத்துக்குப் படம் போட்டுட்டாங்கன்னு ஒரு வார்த்த சொல்லு. முடிஞ்சுது.”

“அந்தப் படம் போட்ட தங்கச்சிய என்னா செய்வாங்க?”

“பொலிசுல ஒரு என்ட்ரி போடுவாங்க. கடக்காரங்க, அவங்க பாத்துக்குவாங்க.”

“அப்ப கக்கூசு?”

பழனியாண்டி தொண்டையைச் செருமினார். “அதப் பொறவு பாப்போம். மொதல்ல ஒம் பேரக் காப்பாத்து. புள்ள படிக்குது.”

அவர் போன மறுநாளே ரினோஸா வந்தாள். ஏற்றம் ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது, முகம் செத்துப்போயிருந்தது. ஜீவராணி அவளை உட்காரச் சொல்லவில்லை.

“என்ட பிழைதான் அக்கா. முகத்த விட்டா போதும்னு நெனச்சிட்டேன்.”

“மூஞ்சியவே போட்டிருக்கலாம் தங்கச்சி. கொழும்புல நாலு பேருக்குத் தெரிஞ்சிருக்கும். நீங்க போட்டதுல இந்தத் தோட்டம் பூராத் தெரிஞ்சு போச்சு. ஒங்களுக்கு அது அழகு. எனக்கு வீடு.”

ரினோஸா அழுதாள். “நானா கற்பனையில வரைஞ்சேன்னு எழுதிக் குடுக்கிறேன். வாப்பாக்கிட்டயும் சொல்லிட்டேன். நீங்க இல்லன்னே சொல்லுங்க.”

“ஒங்க வாப்பா என்னா சொன்னாரு?”

“கடைக்கு ரெண்டு பேர் வந்து பேசிட்டுப் போயிருக்காங்க. அவர் சாப்பிடல்ல.”

ஜீவராணிக்குக் கோபம் இறங்கவில்லை. ஆனாலும் தேத்தண்ணிக்குக் கிட்லியை அடுப்பில் வைத்தாள். அந்தப் பிள்ளை தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, கூச்சத்தோடு மெதுவாகக் கேட்டது: “அக்கா, இங்க பாத்ரூம்…?” ஜீவராணி லயத்துக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனாள். ஆறு வீட்டுக்கு ஒன்று. கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. வெளியே நின்று கதவைக் கையால் பிடித்துக்கொண்டாள். பிடித்துக்கொண்டு நிற்கும்போது, நாளைக்கு விசாரணையில் ‘நான் இல்லை’ என்று சொல்லிவிடலாம் என்றுதான் முடிவு செய்தாள். பிள்ளையின் பரீட்சைக்கு முன்னால் வேறு எதுவும் பெரிதாகத் தெரியவில்லை.

விசாரணை அன்று பெரட்டு நேரத்துக்கே ஆபிசுக்கு வரச் சொன்னார்கள். வந்து வாங்குப் பலகையில் உட்கார்ந்தாள். பத்து மணிக்குக் கூப்பிடுவோம் என்றார்கள், கூப்பிடவில்லை. பயத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது. வாசலில் இருந்த பைப்பில் இரண்டு தடவை தண்ணீர் குடித்தாள். மலைக்குப் போகிற நாளில் செய்யாத வேலை அது, பழக்கம் இல்லாத இடத்தில் மறந்துபோய்க் குடித்துவிட்டாள். பதினொன்று ஆனது. அடிவயிறு முட்டத் தொடங்கியது. ஆபிசின் வெளிமூலையில் ஒரு கக்கூஸ் கதவு இருந்தது, மூன்று மொழியிலும் ‘உத்தியோகத்தர்களுக்கு மட்டும்’ என்று எழுதி, பூட்டுப் போட்டிருந்தது. கிளாக்கரிடம் போய்த் தயங்கி நின்றாள். அவர் நிமிராமலே, “லேபருக்குத் தாறதில்ல” என்றார். திரும்பி வந்து காலை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். மதியக் கொழுந்து நிறுக்கிற நேரம் வந்தபோதுதான் உள்ளே கூப்பிட்டார்கள்.

மேசைக்குப் பின்னால் தோட்ட மேனேஜர், தொரை. இள வயது, சிங்களவர், தமிழ் தெரியாது. பக்கத்தில் மொழிபெயர்க்கக் கிளாக்கர். ஒரு பக்கம் ஒபிசர், மறுபக்கம் பழனியாண்டி. மேசை மேலே அந்தச் சஞ்சிகை. அவளுக்கு ஒரு கதிரை போட்டிருந்தார்கள். நுனியில் உட்கார்ந்தாள், வேறு மாதிரி உட்கார முடியவில்லை.

தொரை ஏதோ சொன்னார். கிளாக்கர் தமிழில் கேட்டார்: “இந்தப் படத்தில இருக்கிறது நீங்களா?”

பழனியாண்டி அவளைப் பார்த்து இமையை மெல்ல மூடித் திறந்தார். சொல்லிவிடு என்று அர்த்தம். ஜீவராணி வாயைத் திறந்தாள். அடிவயிறு குத்தியது, மறுபடி மூடிக்கொண்டாள்.

கிளாக்கர் அவளுக்கு உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு அடுத்த கேள்வியைக் கேட்டார். “சரி, அத விடுங்க. வெளியாளுங்க வந்து கெளப்பிவிட்ட பிரச்சினதானே இது? ஒங்களுக்கு அப்படி ஏதும் கஷ்டம் இருக்கா?”

“இருக்குங்கய்யா” என்றாள். “இப்பவே இருக்கு.”

“என்ன?”

“விடியக் காலையில இருந்து அடக்கிக்கிட்டு ஒக்காந்திருக்கேன். இனி முடியாது. கக்கூசுச் சாவியக் குடுங்க.”

கிளாக்கரின் முகம் சிவந்தது. தொரை அவரைப் பார்த்து, என்ன சொல்கிறாள் என்று கேட்டார். கிளாக்கர் ஒன்றுமில்லை என்கிற மாதிரிக் கையை ஆட்டினார். இத்தனை வருடம் தொரைமாருக்கு எத்தனையோ பேருடைய அழுகையை மொழிபெயர்த்த மனிதருக்கு, அந்த ஒரு வார்த்தையை மொழிபெயர்க்க வாய் வரவில்லை. ஜீவராணி எழுந்து நின்றாள். மஸ்கெலியாக் கடைத்தெருவில் பழகிய சிங்களத்தில் நேரே தொரையிடமே கேட்டாள்.

“சேர், வெசிகிலி யதுர தென்ன.”

கக்கூஸ் சாவியைக் கொடுங்கள் என்பதுதான். ஒபிசர் ஜன்னலைப் பார்த்தார். தொரை அவளைப் பார்த்தார், அவள் நிற்கிற விதத்தைப் பார்த்தார், பிறகு கிளாக்கரைப் பார்த்துக் கையை நீட்டினார். கிளாக்கர் மேசை லாச்சியை இழுத்துச் சாவியை எடுத்து வைத்தார்.

அவள் எடுத்துக்கொண்டாள். வாசல் வரை போனவள் திரும்பினாள். இனி மறைக்க என்ன இருக்கிறது என்று தோன்றியதோ, வயிற்று வலியில் பயம் செத்துவிட்டதோ, அவளுக்கே தெரியவில்லை.

“படத்துல இருக்கிறது நான்தான். அடிக்கத் தூக்கல. மலையக் காட்டத் தூக்கினேன். அந்த ஐயா மேல கம்பு பட்டுச்சான்னு அவருகிட்டயே கேளுங்க. எங்க எல்லாருக்கும் எடம் இல்ல, அதத்தான் சொன்னேன். அதுக்குப் பேர வெட்டுறதுன்னா வெட்டுங்க.”

இதைக் கிளாக்கர் மொழிபெயர்த்தாரா என்று கேட்க அவளுக்கு நேரமில்லை. போய்விட்டாள்.

உள்ளே வெள்ளை டைல்ஸ், கண்ணாடி, வாளி நிறையத் தண்ணீர், தாழ்ப்பாள். தாழ்ப்பாளை ஒரு தடவைக்கு இரண்டு தடவை போட்டுப் பார்த்தாள். முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள்.

ஆபிஸ் வாசலில் பெண்கள் நின்றார்கள். கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு, இடுப்பில் படங்கோடு அப்படியே வந்திருந்தார்கள், அவளுக்கு என்ன ஆயிற்று என்று பார்க்க. முன்னால் அம்மாக்கண்ணு, பின்னால் மீனம்மா, அதற்குப் பின்னால் ஜெயந்தினி, இன்னும் யார் யாரோ. ஒருத்தரும் காலையிலிருந்து தண்ணீர் குடித்திருக்க மாட்டார்கள், ஒதுங்கியும் இருக்க மாட்டார்கள். ஜீவராணி கையிலிருந்த சாவியைப் பார்த்தாள். பிறகு அம்மாக்கண்ணுவின் கையைப் பிடித்து உள்ளங்கையில் அதை வைத்தாள்.

“போயிட்டு வாங்கக்கா. அந்தா, மூலக் கதவு. தாப்பா இருக்கு.”

அம்மாக்கண்ணு போர்டைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்தாள். மற்றவர்கள் சொல்லாமலே கதவுக்கு முன்னால் ஒருவர் பின் ஒருவராக நின்றார்கள். மீனம்மா வரிசையில் நிற்கப் போகும் வழியில் ஜீவராணியின் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள்.

கொஞ்ச நேரத்தில் பழனியாண்டி வியர்த்து விறுவிறுக்க வெளியே வந்தார்.

“தொர ஒபிசருகிட்ட நேராக் கேட்டுட்டாரு, அடிச்சாளான்னு. இல்ல, எல்லாரும் சிரிச்சாங்கன்னு சொல்றான், மடையன். பேர வெட்டல. ஒரு கெழம வேல நிப்பாட்டிருக்காங்க, அவ்வளவுதான். நீ செய்த காரியம் இருக்கே…” கையை உதறினார். “சரி, சாவியக் குடு. கிளாக்கர் கத்துறாரு.”

ஜீவராணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“எங்கிட்ட இல்லங்க. ஒங்க வீட்டம்மாகிட்ட இருக்கு. உள்ளதான் இருக்காங்க, கேட்டு வாங்கிக்கங்க.”

பழனியாண்டி அந்தப் பூட்டிய கதவையும், அதற்கு முன்னால் ஆபிஸ் வாசல் தாண்டி ரோடு வரைக்கும் நின்ற பெண்களையும் பார்த்தார். பின்னால் கிளாக்கர் மறுபடி கூப்பிட்டார். தலைவர் கதவைத் தட்டவில்லை. ஓரமாக ஒதுங்கி நின்று காத்திருந்தார்.